கழன்ற டிப்பர் சில்லு: நட்டஈட்டை யாரிடம் கேட்பது?

கேள்வி: நான் கொடிகாமத்தைச் சேர்ந்தவன். 14 மாதங்களுக்கு முன்னர், ஏ9 வீதியில் பளைக்கு அருகே மோட்டார் சைக்கிளில் சென்றபோது, எதிரே கிரவல் ஏற்றி வந்த டிப்பரின் பின் இரட்டைச் சில்லுகள் கழன்று, அவற்றுள் ஒன்று என்னை மோதியது. கால் முறிந்து ஏழு மாதம் வேலைக்குப் போகவில்லை. மூன்று நாட்களுக்கு முன்தான் டயர் மாற்றியதாகவும் பிழை கராஜ்காரருடையது என்றும் உரிமையாளர் கூறுகிறார். பாரம் கூட ஏற்றியதே காரணம் என்கிறார் கராஜ்காரர். "பரந்தன் தாண்டினதிலிருந்து பின்னுக்கு ஆட்டம் இருந்தது" என்று ஓட்டுநர் அந்த இடத்திலேயே என் மைத்துனரிடம் சொன்னார். காப்புறுதி நிறுவனம் சிறு தொகையொன்றைத் தந்து கையெழுத்துக் கேட்கிறது. நான் யார்மீது வழக்கிட வேண்டும்?

பதில்: ஓட்டுநர், உரிமையாளர், கராஜ்காரர் ஆகிய மூவர்மீதும் ஒரே வழக்கில் வழக்கிடுங்கள். காப்புறுதி நிறுவனத்தின் படிவத்தில் இப்போது கையெழுத்திட வேண்டாம். "முழுமையான தீர்வு" என்ற சொற்கள் அதில் இருந்தால், பின்னர் காலில் இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்பட்டாலும் கேட்பதற்கு உங்களுக்கு வழியிராது.

மூவரையும் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதலில் எந்தச் சட்டம் பொருந்தும் என்று பார்ப்போம். யாழ்ப்பாணத்தார் என்றால் எல்லாவற்றுக்கும் தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம்தான் என்று எண்ணுவோர் இன்னமும் என்னிடம் வருகிறார்கள். அது சொத்தோடும் சீதனத்தோடும் நின்றுவிடும். கவலையீனத்தால் விளைந்த தீங்குக்கு இலங்கையில் ஒல்லாந்தர் காலத்தில் வந்த உரோமன் டச்சுச் சட்டமே பொருந்துகிறது என்றாலும், எமது நீதிமன்றங்கள் ஆங்கிலத் தீர்ப்புகளையும் கருத்திற் கொள்வதுண்டு. 1923இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட பிலிப்ஸ் வழக்கில், லொறியின் அச்சு முறிந்து சில்லு கழன்று இன்னொருவரின் வாகனத்தைச் சேதப்படுத்தியது. திறமையான பழுதுபார்ப்பவரிடம் வாகனத்தை ஒப்படைத்திருந்த உரிமையாளர் பொறுப்பிலிருந்து தப்பினார். 1939இல் வெளியான ஸ்டெனெட் வழக்கிலும், லொறிச் சில்லின் வளையம் கழன்று நடைபாதையில் சென்ற பெண்ணின் காலைத் தாக்க, உரிமையாளர் விடுபட்டார், பழுதுபார்த்தவரே பொறுப்பானார். உரிமையாளர்மீது மட்டும் வழக்கிட்டால் அவர் கராஜ்காரரைக் கைகாட்டித் தப்பலாம் என்பதும், கராஜ்காரர்மீது மட்டும் வழக்கிட்டால் அவர் பாரத்தைக் கைகாட்டலாம் என்பதும் இவற்றிலிருந்து விளங்கும். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கூட்டாகத் தீங்கிழைத்தோரை ஒன்றாகவே நீதிமன்றத்துக்கு அழைக்க இடமளிக்கிறது. உங்கள் பக்கத்திலும் தவறு இருந்ததென அவர்கள் நிறுவினால், அதே சட்டத்தின்படி தொகை குறையுமேயன்றி வழக்கு முற்றாக வீழ்ந்துவிடாது.

ஆனால் உங்கள் வழக்கு அந்த ஆங்கில வழக்குகளைவிட வலுவானது. கனரக வாகனத்தின் சில்லை, நட்டுகள் இறுக்கிப் பிடிக்கும் அழுத்தமே அச்சுடன் ஒட்டி நிறுத்துகிறது. கழற்றிப் பூட்டிய பின்னர், இடையில் உள்ள வர்ணமும் துருவும் தூசும் நசுங்குவதால் அந்த அழுத்தம் தளரும். எனவே பூட்டிய பின் ஏறத்தாழ 40 முதல் 80 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மறுபடி சோதித்து இறுக்க வேண்டும் என்பது இத்துறையில் பொதுவான அறிவுரை. மூன்று நாள் ஓடிய டிப்பரில் அதைச் செய்தது யார், எப்போது என்ற கேள்விக்குக் கராஜ்காரரைக் காட்டி உரிமையாளர் விடை சொல்ல முடியாது. பூட்டியதற்கும் விபத்துக்கும் இடைப்பட்ட அந்த மூன்று நாளுக்கு அவரே பொறுப்பு.

உங்கள் மைத்துனர் அன்றே கைபேசியில் எடுத்து நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். றிம்மின் இரண்டு துவாரங்கள் வட்டமாக இல்லை, முட்டை வடிவாகத் தேய்ந்துள்ளன. சில்லு தளர்ந்த நிலையிலேயே சிறிது தூரம் ஓடியிருக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். ஓட்டுநர் ஆட்டத்தை உணர்ந்தும் நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் அது அவருடைய சொந்தக் கவலையீனம். வேலையின்போது நடந்ததால் அதற்கு உரிமையாளர் பொறுப்பாவார். கராஜ்காரரின் தவறு உறுதிப்பட்டாலும் இப்பொறுப்பு நீங்காது. ஓட்டுநரை எதிராளியாக்கினால் அவர் சொன்ன வார்த்தை அவருக்கெதிரான ஒப்புதலாகவும் அமையும் என்பதால், அங்கே அதைக் கேட்ட வேறு யாரும் இருந்தார்களா என்று மைத்துனரிடம் விசாரியுங்கள்.

வழக்கைக் கிளிநொச்சி மாவட்ட நீதிமன்றத்தில் இடலாம், ஏனெனில் பளை கிளிநொச்சி மாவட்டத்துக்குரியது. எதிராளி வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலும் இடலாம். நீங்கள் கொடிகாமத்தில் வசிப்பது மட்டும் சாவகச்சேரி நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கத்தை, அதாவது வழக்கை விசாரிக்கும் அதிகாரத்தை, தராது. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி இத்தகைய வழக்குக்கு இரண்டு ஆண்டுகளே உண்டு. உங்களுக்குப் பத்து மாதங்கள் எஞ்சியுள்ளன, காப்புறுதி நிறுவனத்துடனான பேச்சுவார்த்தை அதை நிறுத்தி வைக்காது. நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸார் தொடர்ந்த வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து காலத்தைத் தொலைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் தீர்ப்புத் தொகையைக் காப்புறுதி நிறுவனத்திடம் பெற வேண்டுமானால் வழக்குப் பற்றி அதற்கு உரிய காலத்தில் அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். நான் அதை எப்போதும் வழக்கிடுவதற்கு முன்னரே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுவேன்.

இந்த வாரமே பளைப் பொலிஸ் நிலையத்துக்குச் சென்று, முறைப்பாட்டினதும் மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கையினதும் சான்றுப்படுத்தப்பட்ட பிரதிகளுக்கு விண்ணப்பியுங்கள். சட்டத்தரணிக் கட்டணம் தடையாக இருந்தால் யாழ்ப்பாணத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தை நாடலாம். படங்கள் உள்ள கைபேசியை மைத்துனர் விற்கவோ மாற்றவோ வேண்டாம் எனச் சொல்லுங்கள். அச்சிட்ட படத்தைவிட, அதை எடுத்தவரும் எடுத்த கருவியும் மன்றில் இருப்பது மேல்.