கைப்பேசி முன் ஆங்கிலம்: ஆசிரியையிடம் கேட்ட கேள்விகளும் பதில்களும்

அரசுப் பள்ளியில் 23 ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். அதில் கடைசி ஒன்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பேசவைத்துப் படம் எடுக்கிறேன், நடிக்கவும் வைக்கிறேன். இதைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிக்கொண்டேன்.

கேள்வி: வணக்கம் டீச்சர். எட்டாம் வகுப்பு, தமிழ்வழி, 42 பிள்ளைகள். என்னிடம் இருப்பது என் சொந்தக் கைப்பேசி ஒன்றுதான். இதை வைத்து வீடியோ செயல்திட்டம் நடத்த முடியுமா? எங்கே தொடங்குவது?

பதில்: தாராளமாக முடியும் டீச்சர். ஒரே கைப்பேசி என்பது ஒரு வகையில் நல்லதும்கூட. தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆங்கிலம் ஏறுவது அந்த நேரத்தில்தான்.

முதல் மாதம் யார் முகத்தையும் எடுக்காதீர்கள். கைகளை மட்டும் எடுங்கள். பூத்தொடுப்பது, புள்ளிக்கோலம் போடுவது, கழன்ற சைக்கிள் செயினை மாட்டுவது, எலுமிச்சைச் சாறு கலக்குவது என்று ஒரு நிமிடத்தில் முடிகிற வேலையாக இருக்கட்டும். கை வேலை செய்யும்போது வாய்க்கு அடுத்து என்ன சொல்வது என்ற திகைப்பு வராது. கண்ணெதிரே நடப்பதைச் சொன்னால் போதும்.

நால்வருக்கு ஒரு குழு. வேலை செய்பவர், பேசுபவர், படம் எடுப்பவர், சொல் மறந்தால் எடுத்துக்கொடுப்பவர். 42 பேருக்குப் பத்துக் குழு வரும், மிஞ்சும் இருவரை எடுத்துக்கொடுப்பவர்களாகச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பொறுப்பு மாற வேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே பேசத் தெரிந்த பிள்ளையே ஆண்டு முழுவதும் பேசிக்கொண்டிருக்கும்.

இன்னொரு விதியில் நான் கண்டிப்பாக இருப்பேன். வெட்டி ஒட்டுவது கிடையாது. நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும், தடுக்கினால் முதலிலிருந்து. சென்ற ஆண்டு மல்லிகைச் சரம் தொடுத்த குழு 11 முறை எடுத்தது. முதல் முறை அந்தப் பெண் சொன்னது "ஃப்ளவர்... த்ரெட்... டை..." என்ற மூன்று சொற்கள்தான். ஏழாவது முறை, "ஐ ஹோல்ட் டூ ஃப்ளவர்ஸ் லைக் திஸ், அண்ட் ஐ டை எ நாட்" என்றாள். இடையில் நான் ஒரு வார்த்தையும் சொல்லிக்கொடுக்கவில்லை. எடுத்துக்கொடுப்பவளும் அவளும் தங்களுக்குள் பேசித் தேடிக்கொண்ட வாக்கியம் அது. எடிட்டிங் செயலியைக் கொடுத்திருந்தால் முதல் மூன்று துண்டுகளையே ஒட்டி, அடியில் பாட்டுப் போட்டு முடித்திருப்பார்கள்.

கேள்வி: என் மாணவர்கள் எதைக் கொடுத்தாலும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். கேமராவைப் பார்க்காமல் கூரையைப் பார்க்கிறார்கள். இதை எப்படி மாற்றுவது?

பதில்: எனக்கும் பல ஆண்டுகள் இந்தத் தலைவலி இருந்தது. விடை ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் கிடைத்தது.

"மை ஹாபி" என்ற தலைப்பில் கைடில் இருந்த கட்டுரையை அப்படியே ஒப்பித்தான். தபால்தலை சேகரிப்பதாகச் சொன்னான். வாழ்நாளில் ஒரு தபால்தலையைக்கூட எடுத்து வைத்தவன் இல்லை. நேற்று மாலை என்ன செய்தாய் என்று தமிழில் கேட்டேன். அப்பாவின் பஞ்சர் கடையில் இருந்தேன் என்றான். மறுநாள் ஒரு பழைய ட்யூபையும் சாமான்களையும் கொண்டுவரச் சொன்னேன். தண்ணீர் நிரப்பிய அலுமினியத் தட்டில் ட்யூபை முக்கி, விரலால் அழுத்திக்கொண்டே, "சீ, பபிள். பபிள் கம்மிங் மீன்ஸ் ஹோல் தேர்" என்றான். இலக்கணம் இல்லைதான். ஆனால் அவன் கண் எங்கள் மேல் இருந்தது. உப்புத்தாளால் தேய்க்கும்போது ஒரு பெண் குறுக்கிட்டு "ஒய் ரப்?" என்று கேட்டாள். அவன் நிறுத்தி, யோசித்து, "ஸ்மூத் மீன்ஸ் பேட்ச் நாட் ஸ்டிக்" என்றான். எந்தக் கைடிலும் இல்லாத வாக்கியம். அவனாகக் கட்டிய முதல் ஆங்கில வாக்கியமாகவே அது இருந்திருக்கும்.

அன்றிலிருந்து இரண்டு வழக்கங்களை விடாமல் பின்பற்றுகிறேன். முழு வசனத்தை எழுத அனுமதிப்பதில்லை. ஓர் அட்டையில் ஆறு சொற்களை மட்டும் எழுதிக்கொள்ளலாம். அடுத்து, கடைசி 20 விநாடியில் படம் எடுப்பவர் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். என்ன கேள்வி என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. வரப்போகும் கேள்வி தெரியாதபோது பிள்ளை பொருளை நினைத்துக்கொண்டு பேசத் தொடங்கிவிடும்.

4-3-2 என்றொரு பயிற்சியும் உண்டு. 1983இல் கீத் மாரிஸ் என்பவர் எழுதியது, நியூசிலாந்தின் மொழிக் கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் 1989இல் ஆராய்ந்து பரவலாக்கினார். ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று நிமிடம், மூன்றாமவரிடம் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். ஆள் மாறுவதால் திரும்பச் சொல்வதில் அலுப்பில்லை, நேரம் குறைவதால் தயக்கம் உதிர்ந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு நான்கு நிமிடம் மலைபோலத் தெரியும். நான் 90, 60, 45 விநாடிகள் வைக்கிறேன். மூன்று பேரிடம் சொல்லி முடித்த பிறகே கேமரா முன் நிற்கலாம்.

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் வீட்டில் ஆங்கிலப் பாடல்களை முணுமுணுக்கிறாள். கைப்பேசியை நீட்டினால் ஓடிவிடுகிறாள். பள்ளியில் வீடியோ கட்டாயம் என்கிறார்கள். வற்புறுத்தலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. முதலில் குரலை மட்டும் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறகு ஒரு பொம்மையைக் கையில் கொடுத்து, பொம்மையைப் படம் எடுங்கள். அவள் திரைக்கு வெளியே இருந்து அதற்குக் குரல் கொடுக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அழிக்கும் உரிமையை அவளிடமே விடுங்கள். பிடிக்காததை அவளே அழிக்கலாம், அவள் கேட்காமல் மாமா, சித்தி யாருக்கும் அனுப்பக் கூடாது. இந்த வாக்கை நீங்கள் காப்பாற்றினால் சில வாரங்களில் அவளே கைப்பேசியைக் கேட்பாள். வகுப்பாசிரியரிடமும் பேசிப் பாருங்கள், முகம் தெரியாத வீடியோவை ஏற்க மறுப்பவர்கள் குறைவு.

கேள்வி: எடுத்த வீடியோவில் பேச்சே கேட்கவில்லை, இரைச்சல்தான் கேட்கிறது. மைக் வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். வகுப்பறை இரைச்சலில் பாதி அதுதான். பேசுபவருக்கு ஒரு கை தூரத்தில் கைப்பேசி இருக்கட்டும். தள்ளி நின்று எடுக்க வேண்டுமென்றால், மைக் உள்ள கம்பி இயர்போனை இன்னொரு கைப்பேசியில் செருகிச் சட்டையில் ஊக்கால் குத்தி, குரலைத் தனியே பதியலாம். வேப்பமர நிழல் வகுப்பறையைவிட மேல், எதிரொலி இருக்காது. ஜன்னல் படம் எடுப்பவர் முதுகுக்குப் பின்னால் வர வேண்டும், பேசுபவருக்குப் பின்னால் வந்தால் முகம் கறுத்துவிடும். படத்தின் தரத்தை 720க்குக் குறைத்துவிடுங்கள். 1080இல் எடுத்தால் பல கைப்பேசிகளில் ஒரு நிமிடமே 100 எம்பி அளவுக்குப் போய்விடும், பத்துக் குழுவுக்கு இடம் போதாது.

கேள்வி: பேசும்போது நடுவில் உச்சரிப்பைத் திருத்தலாமா? நம் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு உச்சரிப்பைப் பழக்க வேண்டுமா?

பதில்: நடுவில் திருத்தவே கூடாது. மறுநாள் வீடியோவைப் போட்டுப் பார்க்கும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திருத்துங்கள். ஐந்தைச் சொன்னால் ஐந்தும் போய்விடும்.

வெளிநாட்டு உச்சரிப்பு தேவையில்லை, அழுத்தம் தேவை. தமிழில் அசைகளுக்கு ஏறக்குறைய ஒரே எடை கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், மற்றவை அமுங்கும். நாம் நாள்தோறும் சொல்லும் ஹோட்டல், போலீஸ், இன்ஜினியர் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் எல்லா எழுத்தையும் ஒரே சீராகச் சொல்கிறோம், ஆங்கிலத்தில் மூன்றுக்கும் அழுத்தம் கடைசி அசையில். தெரிந்த சொல்லே வேறு தாளத்தில் வருவதைக் கேட்டுப் பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். ஓங்கும் அசைக்கு மேசையில் ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். அடுத்ததாக, சொல்லின் முடிவில் உகரம் சேர்ப்பது. புக்கு, பஸ்ஸு, பெஞ்சு என்பது தமிழ்ப் பேச்சில் இயல்பு, ஆங்கிலம் பேசும்போது அந்த வாலை விட்டுவிட வேண்டும். இவ்விரண்டும் சரியானாலே கேட்பவருக்குத் தெளிவாகப் புரியும்.

கேள்வி: ஆண்டு விழா ஆங்கில நாடகத்தில் நான்கு பேர் பேசுகிறார்கள், மற்றவர்கள் மரமாகவும் மலையாகவும் நிற்கிறார்கள். எல்லோரையும் பேசவைக்க வழி உண்டா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வழி நம் கூத்திலேயே இருக்கிறது.

தெருக்கூத்தில் வேடக்காரர் திரைக்குப் பின்னால் வந்து நிற்பார். கட்டியக்காரன் விசாரிப்பான்: யார் நீ, எந்த நாடு, எதற்காக வந்தாய்? வேடக்காரர் தன்னைப் பற்றித் தானே சொல்வார். இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவாருங்கள். "ஹூ ஆர் யூ? வேர் டூ யூ கம் ஃப்ரம்? ஒய் ஹாவ் யூ கம்?" தொடக்க நிலையில் கற்பிக்க வேண்டிய கேள்விகள் எல்லாம் இதில் வந்துவிடுகின்றன. இரண்டு பேர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடிக்க, பின்னால் ஒரு பிள்ளை வந்து நிற்கும். அது துரியோதனனாகவும் இருக்கலாம், ஊர் ஏரியாகவும் இருக்கலாம். ஒரு முறை ஏழாம் வகுப்பில் ஒருத்தி ஏரியாக வந்தாள். "ஒய் ஆர் யூ ட்ரை?" என்று கட்டியக்காரி கேட்க, "ஆஸ்க் யுவர் ஹவுஸ், இட் இஸ் சிட்டிங் ஆன் மீ" என்றாள். வகுப்பே ஒரு கணம் அடங்கிப்போனது.

வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர்கள் "ஆமாம்" போடுவதும் அப்படித்தான். தலைவர் கதை சொல்ல, மற்றவர்கள் "ரியலி?", "தென் வாட் ஹேப்பன்ட்?", "ஓ நோ!" என்று போட வேண்டும். கேட்டுக்கொண்டிருப்பதைச் சொல்லால் காட்டுவது உரையாடலில் பெரிய திறமை, நாம் கற்பிக்காமலே விடுகிறோம். மிகக் கூச்சமுள்ள பிள்ளைக்கும் இந்தக் குரல்களில் இடம் உண்டு, தவறினாலும் பத்துக் குரலில் ஒன்றாகப் போய்விடும்.

கலைத் திருவிழா நேரத்தில் ஊரில் கூத்து தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் பள்ளிக்கு அழையுங்கள். வந்து நிற்கும் தோரணையை அவர் கற்றுக்கொடுக்கட்டும், ஆங்கிலத்தை நாம் பார்த்துக்கொள்வோம்.

கேள்வி: மதிப்பெண் எப்படிப் போடுவது?

பதில்: நான் பார்ப்பது மூன்றுதான்: புரிந்ததா, எதிர்பாராத கேள்விக்குப் பதில் வந்ததா, சென்ற முறையைவிட முன்னேற்றம் உண்டா. படத்தின் அழகுக்கும் உடைக்கும் பின்னணி இசைக்கும் மதிப்பெண் கிடையாது. அவற்றுக்குக் கொடுத்தால் அது பெற்றோரின் வசதிக்குக் கொடுப்பதாகிவிடும்.

கேள்வி: நன்றாக வந்த வீடியோக்களை யூடியூபில் போடலாமா? பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.

பதில்: நான் போடுவதில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கொள்கிறது, பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 13 வயதில் தடுமாறிப் பேசியது 23 வயதில் யார் கண்ணிலோ படுவதை அந்தப் பிள்ளை விரும்புமா? கைகள் மட்டும் தெரியும் வீடியோ என்றால், பெயரும் பள்ளிச் சீருடையும் இல்லாமல், பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, நாம் அனுப்பும் லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்கலாம். பார்வையாளர்கள் வேண்டுமென்றால் பக்கத்து வகுப்பு இருக்கிறது. ஏழாம் வகுப்பு செய்த வீடியோவை ஆறாம் வகுப்புக்குப் போட்டுக்காட்டுங்கள். எந்த இடத்தில் புரியவில்லை என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன் மேடம், தமிழ்வழியில் வந்தவன். நேர்முகத் தேர்வுக்குத் தனியாகப் பயிற்சி செய்கிறேன். பேசிப் பழக ஆள் இல்லை.

பதில்: தம்பி, தினமும் இரவு இரண்டு நிமிடம் உங்கள் செயல்திட்டத்தைப் பற்றிக் கைப்பேசியிடம் பேசுங்கள். உடனே பார்க்காதீர்கள், மறுநாள் காலையில் பாருங்கள். முதல் முறை படம் பார்க்காமல் குரலை மட்டும் கேளுங்கள், அடுத்த முறை ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். எங்கே தேங்கினீர்களோ அந்த ஓர் இடத்தை எழுதிச் சரிசெய்து, அன்றிரவு மறுபடி பேசுங்கள். "பேசிக்கலி", "ஆக்சுவலி" என்று நிரப்புவதற்குப் பதில் வாயை மூடி ஒரு மூச்சு நில்லுங்கள். கேட்பவருக்கு அது யோசனையாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தெரியாத தலைப்பு ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்துப் பேசுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவிடம் வசனம் எழுதி வாங்கி வந்துவிடுகிறார்களே?

பதில்: ஆறு சொல் அட்டையும் திடீர்க் கேள்வியும் இருந்தால் அது பெரிய சிக்கலாக இராது. எழுதி வாங்கியதைப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே பேச முடியாது.

கேள்வி: நான் ஒரு தலைமையாசிரியர். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே. இதற்கு நேரம் ஒதுக்கினால் தேர்ச்சி விழுக்காடு குறையாதா?

பதில்: உங்கள் கவலை நியாயமானது ஐயா. அதனால்தான் ஒவ்வொரு வீடியோவுக்கும் பின்னால் ஓர் எழுத்து வேலை வைத்திருக்கிறேன். தாங்கள் பேசியதைத் தாங்களே கேட்டு, சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். பிறகு சிவப்பு மையில் தாங்களே திருத்த வேண்டும். "பபிள் கம்மிங்" என்று எழுதிய கை, "பபிள்ஸ் ஆர் கம்மிங்" என்று திருத்துகிறது. நான் நூறு முறை கரும்பலகையில் எழுதிப்போட்டும் நிற்காத "ஆர்" அப்போது நிற்கிறது, ஏனென்றால் அது அவர்கள் பேசிய வாக்கியம். உரையாடல் எழுதுவதற்கும் செயல்முறை விளக்கத்துக்கும் தனிப் பயிற்சி தேவைப்படுவதில்லை. வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிட்டால் பத்தாம் வகுப்பில் நேரம் கேட்க மாட்டேன்.

ஒரு பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் அந்தப் பஞ்சர் வீடியோவைப் போட்டோம். பையனின் அப்பா வேலை நடுவே வந்திருந்தார், கை விரல்களில் கறுப்பு அப்படியே இருந்தது. முடிந்ததும் எழுந்து நின்று, "அந்த உப்புத்தாள் தேய்க்கிற இடத்தை இன்னொரு முறை போடுங்கள் டீச்சர்" என்றார்.