செயின்சாவை இரவல் கேட்டால் என்ன சொல்வது? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்னக் காபித் தோட்டம். செயின்சா இரண்டு இருக்கிறது: 18 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) போட்ட கம்பெனி மிஷின் ஒன்று, 22 அங்குல சீன மிஷின் ஒன்று. கோடை மழை விழுந்து நிழல் மரம் கழிக்கும் சமயம் வந்தால் பங்காளிகளும் பக்கத்துத் தோட்டக்காரர்களும் வாசலில் வந்து நிற்கிறார்கள். இல்லை என்றால் முகம் முறியும். கொடுத்த மிஷினோ கொடுத்தபடி திரும்புவதில்லை. கொடுக்கலாமா, வேண்டாமா?

பதில்: மிஷினை மட்டும் தூக்கிக் கொடுக்காதீர்கள். உங்கள் தோட்டத்தில் வழக்கமாக அதை ஓட்டும் ஆளோடு சேர்த்து அனுப்புங்கள். அவர் கூலியைக் கேட்டவரே அவர் கையில் கொடுக்கட்டும். பெட்ரோல், ஆயில் செலவும் கேட்டவருடையது. அவருக்குத் தேவை மரம் துண்டாவதுதான், மிஷின் இல்லை. வேலை அரை நாளில் முடியும், மிஷினும் அன்று மாலையே வீடு வந்து சேரும்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. கடப்பாரையோ ஏணியோ இரவல் போய் உடைந்தால் கையில் வாங்கும்போதே தெரியும். செயின்சாவில் நடக்கும் பெரிய சேதம் வெளியே தெரியாது. துடைத்துப் பளபளவென்று திருப்பித் தருவார்கள், பத்து நாள் கழித்து உங்கள் கையில் நின்றுபோகும். பிறகு அவரைக் கேட்கவும் முடியாது.

பெரும்பாலும் மிஷினைக் கொல்வது பெட்ரோல் கேன்தான். இது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் தனியாக ஆயில் கிடையாது, பெட்ரோலில் கலந்து போகும் ஆயில் மட்டுமே. கம்பெனி மிஷின்கள் பலவற்றுக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மி.லி. டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில். சீன மிஷின்கள் பலவற்றில் 25-க்கு 1 என்று டேங்க் மூடி அருகிலேயே எழுதியிருக்கும், அதற்கு லிட்டருக்கு 40 மி.லி. உங்களிடம் இரண்டு வகையும் இருப்பதால் கேன்களில் பெயின்ட்டால் எழுதிவையுங்கள். பழைய எக்ஸ்.எல். சூப்பர் ஓட்டிய ஆட்களுக்கு ஆயில் கலப்பது கைவந்த பழக்கம், ஆனால் கண்ணளவுதான். இன்றைய பையன்கள் ஓட்டும் மொபெட் ஃபோர்-ஸ்ட்ரோக் என்பதால் கலக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. பைக்கிலிருந்து ட்யூப் வைத்து உறிஞ்சி வெறும் பெட்ரோலை ஊற்றினால், முழு ரேஸில் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் சிலிண்டரைப் பிறாண்டிவிடும்.

கலந்து வைத்த பழைய பெட்ரோலும் ஆகாது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஏற்காட்டு மூடுபனியில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் மிகுந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்க் அடியில் தங்கிவிடும். ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நிற்கும். உறிஞ்சும் குழாய் கிடப்பதோ அடியில். ஆகவே கலந்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

அடுத்தது செயின் ஆயில். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் ஆயில் டேங்கையும் நிரப்ப வேண்டும். இரவல் வாங்கியவர் பெட்ரோல் தீர்ந்தால் மிஷின் நின்றுவிடுவதால் அதை ஊற்றுவார். ஆயில் தீர்ந்தாலும் செயின் சுற்றும் என்பதால் இது மறந்துபோகும். பாரின் ஓரம் நீலம் பாரித்திருந்தால் காய்ந்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம். வண்டியில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றுவது இன்னொரு வழக்கம். அதிலுள்ள இரும்புத் துகள் ஆயில் பம்ப்பைத் தின்றுவிடும்.

ஆளை அனுப்பவே வழியில்லை, சம்பந்தி வீடு, கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சீன மிஷினைக் கொடுங்கள். நீங்களே கலந்த பெட்ரோலைக் கேனோடு கொடுங்கள், கேன் தீர்ந்தால் வேலை நிறுத்தம் என்று சொல்லிவிடுங்கள். செயினை மட்டும் அவரே புதிதாக வாங்கி வரட்டும். வேலி ஓரத்துச் சில்வர் ஓக் மரங்களில் பழைய முள்கம்பியும் ஆணியும் பட்டைக்குள் புதைந்து கிடக்கும். ஒரு ஆணி போதும், ஒரு பக்கத்துப் பல் முழுக்க மழுங்கிவிடும். தரையில் கிடக்கும் தடியை மண்வரை இறக்கி அறுத்தாலும் அதே கதி. தன் காசில் வாங்கிய செயின் என்றால் கம்பியைப் பார்த்து ஒதுங்குவார்கள். கடையில் அங்குலத்தை மட்டும் சொல்லிக் கேட்டால் தவறான செயின் வரும். உதாரணத்துக்கு, ஒரே 18 அங்குலத்துக்கு 72 டிரைவ் லிங்க்கும் (பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணி) உண்டு, 74-ம் உண்டு. பாரின் அடிப்பக்கத்தில் பிட்ச் (கண்ணி இடைவெளி), கேஜ் (டிரைவ் லிங்க்கின் தடிமன்), லிங்க் எண்ணிக்கை மூன்றும் அடித்திருக்கும். அதைப் போட்டோ எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

ஏணியில் ஏறிக் கிளை கழிக்கக் கேட்கிறார் என்று தெரிந்தால், எந்த உறவாக இருந்தாலும் கொடுக்காதீர்கள். பார் நுனியின் மேல்பாதி கிளையில் பட்டால் மிஷின் மேலே, முகத்தை நோக்கி எகிறும். தரையில் இரண்டு காலை ஊன்றி, இரண்டு கையால் பிடித்திருப்பவருக்கே அதைத் தாங்குவது கஷ்டம். ஒற்றை மூங்கில் ஏணியில் நிற்பவர் என்ன செய்வார்? மரத்தின் மேல் கொடுவாள் வேலை, கீழே விழுந்ததைத் துண்டு போட மட்டும் செயின்சா.

கேள்வி: பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இரண்டு நாள் கொடுத்தேன். திரும்பி வந்தபின் கயிறு இழுத்தால் லேசாக வருகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. வாங்கி எட்டு மாதம். கடையில் வாரண்டி கிடையாது என்கிறார்கள். அண்ணனோ "நல்லாத்தான் ஓடிச்சு" என்கிறார். உண்மையை எப்படித் தெரிந்துகொள்வது? (வெள்ளக்கடை)

பதில்: கயிறு லேசாக வருவது நல்ல அறிகுறி இல்லை, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் பலம்) போயிருக்கலாம். முதலில் டேங்கில் மீதியிருக்கும் பெட்ரோலைக் கொட்டிவிடாதீர்கள், அதுதான் சாட்சி. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு நிழலில் காயவிடுங்கள். ஆயில் கலந்திருந்தால் பெட்ரோல் ஆவியான பிறகும் எண்ணெய்க் கறை வட்டமாக நிற்கும். வெறும் பெட்ரோல் என்றால் தாள் ஏறக்குறைய சுத்தமாகிவிடும். மீதியை மூடி போட்ட பாட்டிலில் எடுத்து வையுங்கள்.

அடுத்து, மிஷின் ஆறியதும் சைலன்சரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று போல்ட்தான். புகை வரும் துளை வழியாக டார்ச் அடித்து, கயிற்றை மெதுவாக இழுத்தால் பிஸ்டனின் பக்கவாட்டுத் தெரியும். வழவழப்பாக இருந்தால் பிஸ்டன் தப்பித்தது. பிளக், பெட்ரோல் ஃபில்டர், கார்புரேட்டர் என்று தேடலாம். மேலிருந்து கீழாகக் கீறல்கள் இருந்தால் ஆயில் போதவில்லை, அல்லது பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்து சூடேறியிருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றிப் பார்க்கையில் அந்தப் பக்கம் மட்டும் மங்கலாகத் தேய்ந்திருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. ஏர் ஃபில்டர் இல்லாமலோ கிழிந்ததோடோ ஓட்டியிருப்பார்கள்.

கீறல் இருந்தால் வாரண்டி கேட்டுப் பயனில்லை. பெரும்பாலான வாரண்டி அட்டைகளில் தவறான எரிபொருள் கலவையால் வரும் சேதம் சேராது என்றே இருக்கும். பிஸ்டன் வழவழப்பாக இருந்தும் கடைக்காரர் பார்க்காமலே மறுத்தால் கதை வேறு. பழுது என்ன, ஏன் மறுக்கிறார்கள் என்பதை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. அண்ணனிடம் போகும்போது தாளையும், டார்ச் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவையும் காட்டிப் பேசுங்கள். வெறும் வாய்ப்பேச்சு சண்டையில்தான் முடியும்.

கேள்வி: மாமா வீட்டு மிஷின் ஏற்காட்டில் அருமையாக ஓடுகிறது. அயோத்தியாப்பட்டணத்துக்கு இரவல் கொண்டுவந்து காய்ந்த தென்னை மரத்தை அறுத்தால் கிறீச்சென்று கத்துகிறது, ரேஸ் கொடுத்தால் திணறுகிறது, தொட முடியாத சூடு. மாமா என்மேல்தான் பழி சொல்லுவார். என்ன தப்பு செய்தேன்?

பதில்: ஓட்டுவதை நிறுத்துங்கள், இன்னும் ஒரு டேங்க் ஓட்டினால் பிஸ்டன் போகும். உங்கள் தப்பு இல்லை, மலையின் வேலை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயர வித்தியாசம். மேலே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கீழே சரி செய்த மிஷின் மேலே போனால் பெட்ரோல் மிகுந்து புகையும், இழுவை குறையும். உடனே மலையில் இருப்பவர்கள் கார்புரேட்டர் திருகை இறுக்கிப் பெட்ரோலைக் குறைப்பார்கள், அங்கே அது சரியும்கூட. அதே மிஷின் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கீழே வந்ததும் காற்று கனமாகிவிடுகிறது. பெட்ரோல் போதவில்லை, பெட்ரோல் குறைந்தால் அதோடு வரும் ஆயிலும் குறைவு. கத்தலும் சூடும் அதனால்தான்.

எச், எல் என்று இரண்டு திருகு இருக்கும். எச் முழு ரேஸுக்கு, எல் ஸ்லோ ஓட்டத்துக்கு. ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்துவிட்டு, எஞ்சின் சூடானபின் எச் திருகைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் எட்டில் ஒரு சுற்று திறந்து பாருங்கள். மரத்தில் வைக்காமல் முழு ரேஸ் கொடுக்கும்போது சத்தம் சீராகக் கிறீச்சிடாமல் லேசாகக் கரகரக்க வேண்டும், மரத்தில் வைத்ததும் அது தெளிய வேண்டும். பழக்கம் இல்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். எத்தனை சுற்று திறந்தீர்கள் என்பதைக் குறித்து மாமாவிடம் சொல்லுங்கள், மேலே போனதும் அவர் திருப்பிக்கொள்வார். புதிய விலையுயர்ந்த மிஷின்கள் சிலவற்றில் இதைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு உண்டு. அவற்றில் திருகே இருக்காது.

தென்னை என்பதால் இன்னொன்று: நார் கிளட்ச் கவருக்குள் சுருண்டு, செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிக்கொள்ளும், ஆயில் வரும் துளையும் அடைபடும். டேங்குக்கு ஒருமுறை கவரைக் கழற்றி வழித்துவிடுங்கள். மரத்தின் அடியில் மண் அப்பியிருந்தால் அரிவாளால் சீவிவிட்டு அறுங்கள். வேலை முடிந்ததும், சூட்டில் இறுக்கிய செயினைத் தளர்த்தி வையுங்கள், ஆறும்போது சுருங்கி பாரைக் கவ்வும்.

கேள்வி: இரவல் வாங்கியவருக்கு அடிபட்டால் என் தலையில் விழுமா? சும்மா கொடுக்காமல் நாளுக்கு 500 ரூபாய் வாங்கிக்கொண்டால் நல்லதுதானே?

பதில்: 500 ரூபாய் வாங்கினால் உங்கள் பொறுப்பு கூடுகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 150-வது பிரிவைப் பாருங்கள். சும்மா கொடுப்பவர் தனக்குத் தெரிந்த குறைகளைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்ட குறையால் நேரடியாக வரும் சேதத்துக்கு அவர் பொறுப்பு. வாடகைக்கு விட்டாலோ, குறை அவருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் பொறுப்புதான்.

ஆகவே கொடுக்கும் முன் அவர் கண் எதிரில் இரண்டு சோதனை. ஸ்லோவில் ஓடும்போது செயின் அசையக் கூடாது. மிஷினைத் தரையில் அழுத்திப் பிடித்து, ரேஸ் கொடுத்து, முன்கைக் காப்பை மணிக்கட்டால் முன்னே தள்ளினால் செயின் சட்டென்று நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அது இரவல் கொடுக்கும் நிலையில் இல்லை. ஹெல்மெட், முகக்காப்பு, காதுக்காப்பு, செயின்சா கால்காப்பு எல்லாம் மிஷினோடு சேர்ந்தே போகட்டும்.

அதே சட்டம் உங்களுக்கும் துணை. சும்மா கொடுத்ததை நாள் குறித்திருந்தாலும் நடுவிலேயே திருப்பிக் கேட்கலாம் (பிரிவு 159). ஆனால் அதை நம்பி அவர் வேலை தொடங்கி, திடீரென்று பிடுங்குவதால் அவருக்கு நட்டம் மிகுந்தால் ஈடு தர வேண்டிவரும். அவருக்கென்று கொடுத்ததை அவர் மர வியாபாரிக்குக் கைமாற்றினால் வரும் சேதம் அவருடையது (154). சொன்ன நாளில் தராமல் இழுத்தடித்தால் அதற்குப் பிறகு மிஷினுக்கு வரும் சேதமும் அப்படித்தான் (161). தேதியும் எந்த வேலைக்கு என்பதும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தால் போதும்.

கேள்வி: இரவல் போன மிஷினை வனத்துறை பிடித்தால்?

பதில்: தமிழ்நாடு வனச் சட்டம், 1882-ன்படி வனக் குற்றத்துக்குப் பயன்பட்ட கருவி, கயிறு, வண்டி எல்லாவற்றையும் பறிமுதல் செய்யலாம். சேர்வராயன் மலை சந்தன மரத்துக்குப் பேர்போன இடம், கண்காணிப்பும் அதற்கேற்ப இருக்கும். மலைப்பகுதியில் மரங்களைப் பாதுகாக்க 1955-ல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. கிளை கழிக்க இல்லாமல் அடிமரத்தை அறுக்கக் கேட்டால், அனுமதிக் கடிதத்தின் நகலைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: பேட்டரி மிஷின் ஒன்று வாங்கி, அதை மட்டும் இரவலுக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கலவைத் தொல்லை, கார்புரேட்டர் தொல்லை இரண்டும் இல்லை என்பதால் நல்ல யோசனைதான். நான்கைந்து அங்குலக் கிளை, விறகு துண்டு போட சரியாக வரும். பலா, புளிய மர அடித்தண்டுக்கு ஆகாது. செயின் ஆயில் இதற்கும் ஊற்ற வேண்டும், நுனி எகிறுவதும் இதற்கு உண்டு. சத்தம் இல்லாததால் நின்றுவிட்டது என்று நினைத்துக் கையை வைப்பவர்கள் இருக்கிறார்கள். செயினைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். சார்ஜரைக் கொடுக்காதீர்கள், பேட்டரி தீர்ந்ததும் மிஷின் தானாகத் திரும்பி வரும்.