தையல்கடை அக்கா பதில்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில் 31 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. போடுகிற துணி மனசை மாற்றுமா, வேலையைக் கெடுக்குமா, தைரியம் கொடுக்குமா என்று. அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

*அக்கா, எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான். அடுத்த வாரம் தரமணியில் இன்டர்வியூ. பேன்ட், பிளேசர் போட்டால்தான் மதிப்பார்கள் என்று தோழிகள் சொல்கிறார்கள். என்னிடம் சுடிதார்தான் இருக்கிறது. சித்தி மகளிடம் பிளேசர் இரவல் கேட்டிருக்கிறேன். போட்டுக்கொண்டு போகலாமா?*
- வாசகி, வியாசர்பாடி

இரவல் வேண்டாம் கண்ணு. கௌரவம் பார்த்துச் சொல்லவில்லை, நான் பட்டதால் சொல்கிறேன்.

எனக்கு அப்போது 19 வயது. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பாவாடை தாவணியில் போக வெட்கப்பட்டு, பெரியம்மா மகளின் சுடிதாரை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். அவள் என்னைவிட ஒல்லி. கை ஏற்றிய இடத்தில் இறுக்கிப் பிடித்தது. மெஷினில் உட்காரவைத்து ஒரு சட்டைக் காலர் தைக்கச் சொன்னார்கள். காலர் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் துணியை ஊசிக்குத் தள்ளக் கையை நீட்டும்போதெல்லாம் அக்குளில் தையல் விட்டுவிடுமோ என்று பயம். கண் ஊசியில், நினைப்பு அக்குளில். காலர் முனை இரண்டும் ஒரே மாதிரி வரவில்லை. சூப்பர்வைசர் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். அன்று சாயங்காலம் வீட்டில் பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு அதே காலரைத் தைத்தேன். முனை இரண்டும் கத்தி மாதிரி வந்து நின்றன.

வேலை தெரியாமல் தோற்றிருந்தால் ஆறியிருக்கும். தெரிந்த வேலையில் தோற்றது இன்னும் உறுத்துகிறது.

அதனால் உன் சுடிதாரே போதும். முதலில் தோளைப் பார். தோள் தையல் எலும்பு முடிகிற இடத்தில் உட்காரணும். கீழே இறங்கினால் நீ எவ்வளவு நிமிர்ந்தாலும் தளர்ந்து தெரிவாய். மேலே ஏறினால் கை தூக்க வராது. கண்ணாடி முன்னால் நின்று மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதே. நாற்காலியில் உட்கார்ந்து பார், பைலை நீட்டிப் பார், ரயிலில் மேல் கம்பியைப் பிடிக்கிற மாதிரி கையைத் தூக்கிப் பார். ஜீவா ஸ்டேஷனில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் மாறித் தரமணி போய்ச் சேரும்வரை அந்தத் துணி உன் மேலேதானே இருக்கப் போகிறது? வெளிர் நீலத்திலும் சாம்பல் நிறத்திலும் வியர்வை அப்பட்டமாகத் தெரியும். கரு நீலத்திலோ சின்னப் பூப்போட்ட துணியிலோ தெரியாது. துப்பட்டாவைத் தோளில் உள்பக்கமாகப் பின் குத்திவிடு. இல்லையென்றால் கேள்வி கேட்கும்போது கை அதைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும். துணி புதுசு என்றால் ஒரு தடவை அலசி, முந்தின நாள் அரை நாள் வீட்டில் போட்டுக்கொண்டு வேலை செய். எங்கே குத்துகிறது, எங்கே இழுக்கிறது என்று வீட்டிலேயே தெரிந்துவிடும்.

பேன்ட், சட்டைதான் உனக்குப் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போடு, உன் அளவுக்குத் தைத்ததாக இருக்கட்டும். கம்பெனிக் கடிதத்தில் 'ஃபார்மல்ஸ்' என்று எழுதியிருந்தால் போன் போட்டுக் கேள். பல இடங்களில் சுடிதாரும் அதில் சேர்த்திதான்.

*வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. காலையிலிருந்து ராத்திரி வரை நைட்டிதான். மதியமே சோர்ந்துவிடுகிறது. அதுவா காரணம்?*
- வாசகி, தண்டையார்பேட்டை

நைட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் தண்ணி லாரிக்கும் அதுதான், மார்க்கெட்டுக்கும் அதுதான். ஆனால் படுத்த துணியிலேயே வேலைக்கு உட்கார்ந்தால், வேலை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று உடம்புக்குத் தெரிவதில்லை. குளித்துவிட்டு ஒரு குர்த்தியை மாட்டிக்கொண்டு உட்காருங்கள். அதைவிட முக்கியம், வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள். சாப்பாட்டு நேரம், தூக்கம் எல்லாம் சரியாக இருந்தும் சோர்வு தொடர்ந்தால் ரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள். அது துணியால் தீருகிற விஷயம் கிடையாது.

*மகன் ஆறாவது படிக்கிறான். வளர்கிற பிள்ளை என்று யூனிஃபார்ம் சட்டையை இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தேன். இப்போது பிரேயரில் முன்னால் போய் நிற்க மாட்டேன் என்கிறான். பிடிவாதம் பிடிக்கிறானா?*
- ஒரு தாய், கொருக்குப்பேட்டை

இல்லை அம்மா, அவனுக்குக் கூச்சம். தொளதொளச் சட்டையில் நிற்கிற பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள், தோளைக் குறுக்கிக்கொள்வான், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பான். "யாருடா சட்டை இது?" என்று ஒருத்தன் கேட்டுவிட்டால் போதும், அந்த வருடம் முழுக்க அவன் கடைசி வரிசைதான்.

வளர்ச்சிக்கு இடம் விடுவது நல்ல பழக்கம். இடத்தைத்தான் மாற்றி விட்டுவிட்டீர்கள். நம் அம்மாக்கள் பாவாடைக்கு என்ன செய்தார்கள்? இடுப்பைச் சரியாகத் தைத்துவிட்டு, நீளத்தில் இரண்டு டக் பிடித்து வைத்தார்கள். பெண் வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்துவிட்டார்கள். அதே கணக்குதான். பேன்ட்டின் கால் மடிப்பில் மூன்று இஞ்ச் உள்ளே விடலாம். இடுப்பின் பின் தையலில் ஒன்றரை இஞ்ச் விடலாம். சட்டையின் அடி மடிப்பில் விடலாம். தோள் மட்டும் இன்றைய தோளாக இருக்கணும்.

எடுத்த சட்டையை வீணாக்க வேண்டாம். இரண்டு கையையும் பிரித்து, தோளை அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடி கை ஏற்றச் சொல்லுங்கள். அங்கே மிஞ்சுகிற துணியை மட்டும் வெட்டித்தான் ஆகணும். சேர்த்து வைத்தால் அக்குளில் கட்டியாகி உறுத்தும். அடுத்த வருடம் கால் மடிப்பை இறக்கும்போது பழைய கோடு வெளுத்துத் தெரியும், ஈரத்துணி போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. அந்தக் கோட்டின் மேலேயே அதே நிற நூலில் ஒரு தையல் ஓட்டிவிட்டால் டிசைன் மாதிரி அமைந்துவிடும்.

*டாக்டர் கோட்டு போட்டால் மூளை கூர்மையாகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். பரீட்சைக்குப் போட்டுக்கொண்டு படிக்கலாமா அக்கா?*
- கல்லூரி மாணவர், ராயபுரம்

என் மகள் உளவியல் படிக்கிறாள். அவளை உட்காரவைத்துக் கேட்டுத்தான் எழுதுகிறேன் தம்பி.

அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆடம், கலின்ஸ்கி என்ற இருவர் 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. நம் பத்திரிகைகளில் 'ஆறு வித்தியாசங்கள்' வருமே, கிட்டத்தட்ட அந்த மாதிரிப் படங்களைக் கொடுத்து வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஒரே வெள்ளைக் கோட்டுதான். சிலரிடம் அதை டாக்டர் கோட்டு என்றார்கள், சிலரிடம் பெயின்டர் கோட்டு என்றார்கள். டாக்டர் கோட்டு என்று நம்பிப் போட்டவர்கள் அதிக வித்தியாசங்களைக் கண்டுபிடித்தார்கள். கோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. அதாவது, உடம்பிலும் ஏறணும், அது என்ன துணி என்கிற அர்த்தமும் மனசில் ஏறணும்.

வீடியோவில் சொல்லாத பாதி இது: அதே ஆராய்ச்சியில் இதற்கு முன்னால் இன்னொரு சோதனையும் இருந்தது, கோட்டு போட்டவர்களின் கவனத்தைப் போடாதவர்களின் கவனத்தோடு ஒப்பிட்டது. அந்த முதல் சோதனையை வேறு சிலர் இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்து 2019-இல் வெளியிட்டார்கள். அப்போது அந்தப் பலன் வரவில்லை. எனவே கோட்டுக்குப் பணம் செலவழிக்காதே.

எனக்கு மனசில் ஒட்டிக்கொண்டது மகள் சொன்ன இன்னொரு சோதனை, 1998-இல் வந்தது. கல்லூரிப் பிள்ளைகளைக் கண்ணாடி இருக்கிற அறையில் தனியாக விட்டு, சிலருக்கு நீச்சல் உடை, சிலருக்கு ஸ்வெட்டர் கொடுத்துப் போடச் சொல்லி, அதோடு கணக்குப் போட வைத்திருக்கிறார்கள். நீச்சல் உடை போட்ட பெண்கள் ஸ்வெட்டர் போட்ட பெண்களைவிடக் குறைவாக மார்க் வாங்கினார்கள். ஆண்களிடம் அப்படிக் குறையவில்லை. பார்க்க அங்கே வேறு யாரும் கிடையாது. ஆனாலும் 'நான் எப்படித் தெரிகிறேன்' என்ற நினைப்பு கணக்குக்குப் போக வேண்டிய கவனத்தைத் தின்றுவிட்டது. மகள் இதைச் சொன்னபோது, 19 வயதில் நான் தைத்த அந்தக் கோணல் காலர்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்று கண்ணாடிகூட இல்லை, ஒரு இறுக்கமான ஆர்ம்ஹோல் போதுமானதாக இருந்தது.

நீ பரீட்சைக்குப் பலமுறை துவைத்து மெத்தென்று ஆன, போட்டதே மறந்துபோகிற ஒரு சட்டையை எடுத்து வை. ஹாலில் ஃபேனுக்குக் கீழே இடம் கிடைக்காமலும் போகலாம், பருத்தியாக இருக்கட்டும்.

*சகோதரி, எங்கள் அப்பாவுக்கு 74 வயது. ஒவ்வொரு ஏப்ரல் 14-ம் தேதியும் கோட்டு, டை போட்டுக்கொண்டுதான் அம்பேத்கர் சிலைக்கு மாலை போடப் போவார். இந்த வெயிலில் இது எதற்கு என்று என் மகன் கேட்கிறான். கோட்டும் இப்போது உடம்பில் தொங்குகிறது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?*
- வாசகர், புளியந்தோப்பு

சொல்லாதீர்கள் அண்ணா.

உங்கள் மகனிடம் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். அம்பேத்கரே எழுதி வைத்திருக்கிறார். 1901, அவர் சின்னப் பையன். வேறு ஊரில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் ரயிலில் போகிறார். அந்தப் பயணத்துக்காகவே புதுச் சட்டை, பளபளக்கும் தொப்பி, புது ஷூ, பட்டுக்கரை வேட்டி. இறங்கின ஸ்டேஷனில் கூப்பிட்டுப் போக யாரும் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் உடுப்பைப் பார்த்து, பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்து அன்பாக விசாரிக்கிறார். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்த மஹர் சாதிப் பிள்ளைகள் என்று தெரிந்த நொடியில் அவர் முகமே மாறிவிடுகிறது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டை வாடகை கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். வழியில் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

நல்ல துணி அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை. அது தெரிந்த மனிதர்தான் வளர்ந்து, கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்து, வாழ்நாள் முழுக்கக் கோட்டு போட்டார். காந்தி 1921 செப்டம்பரில் மதுரையில் சட்டையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறினார், ஏழைக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம் என்று. அது அவர் நின்ற இடத்திலிருந்து சரி. ஆனால் துறப்பதற்கு முதலில் உரிமை இருக்கணும் இல்லையா? திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல வருடம் அடிபட்டு, 1859-இல்தான் ராஜாவின் ஆணை வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி அணியக் கூடாது என்று ஒரு நிபந்தனை. இப்படிப்பட்ட நாட்டில் ஒருவர் மூன்று பட்டன் கோட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்பதை வெயிலை வைத்து அளக்க முடியாது.

ஏப்ரல் முதல் வாரத்தில் என் கடைக்கும் இந்தக் கோட்டுகள் வரும். போன வருடம் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்தார். தைத்துக் கொடுத்த கோட்டைப் போட்டதும் கண்ணாடிப் பக்கம் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கோட்டின் மேல் பாக்கெட்டில் குத்தி, சாயாமல் நிற்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தார். அப்புறம்தான் காசை எண்ணினார். நான் வாங்கவில்லை.

உங்கள் அப்பாவின் கோட்டு பாலியஸ்டரும் கம்பளியும் கலந்த பழைய டெரிவுல்லாகத்தான் இருக்கும். உள்ளே முழு லைனிங் போட்டிருப்பார்கள், வெக்கைக்குப் பாதிக் காரணம் அதுதான். முதுகில் பாதி வரை மட்டும் விட்டு மீதியை எடுத்துவிட்டால் காற்றுப் போகும். தொங்குவதற்குக் காரணம் தோள். வயதில் தோள் இறங்கிவிடும், கோட்டின் தோளுக்குள் வைத்துத் தைத்த பேட் இறங்காது. கையைப் பிரித்து, பேடை மாற்றி, மறுபடி ஏற்றணும். மார்ச் கடைசியிலேயே வந்துவிடுங்கள், எனக்கு நான்கு நாளாவது வேண்டும். கோட்டை மட்டும் பையில் போட்டுக் கொடுத்தனுப்பாதீர்கள், அப்பாவையும் கூட்டி வாருங்கள். ஆளை நிற்க வைத்துத்தான் தோள் அளவு எடுக்க முடியும். முடிந்தால் பேரனும் கூட வரட்டும். அளவு டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.