சாவை விட வலிதான் பயமாக இருக்கிறது

கேள்வி: வயது 58. இப்போது நோய் எதுவும் இல்லை. சாவுக்குப் பயப்படவில்லை. ஆனால் மாதக்கணக்கில் படுக்கையில் வலியோடு கிடக்க நேருமோ என்ற நினைப்பு தூங்கவிடுவதில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று பிரித்துப் பாருங்கள். வலியா, மூச்சுத்திணறலா, பிறருக்குப் பாரமாகிவிடுவதா, வேண்டாத குழாய்களோடு உயிர் இழுத்துக்கொண்டு கிடப்பதா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

கடைசிக் கால வலிக்கு மருந்து உண்டு, ஆனால் கொடுக்கும் முறை தவறினால் வலி நீடிக்கும். கடும் வலிக்குக் கொடுக்கும் மருந்தான மார்ஃபினின் சாதாரண மாத்திரை சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும். வலி திரும்பட்டும் என்று காத்திருந்தால் ஒவ்வொரு முறையும் துடித்துத்தான் அடங்க வேண்டும். கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். 1967இல் லண்டனில், இறுதிக் கட்ட நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் வலியுறுத்தியதும் இதைத்தான். இடையில் வலி தலைகாட்டினால் கொடுக்க, கூடுதல் வேளை மருந்தையும் மருத்துவர் எழுதித்தர வேண்டும். மார்ஃபினால் வரும் குமட்டல் சில நாளில் அடங்கும். மலச்சிக்கல் அடங்காது, அதனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கி வேண்டும். எரிச்சலாக, மின்சாரம் பாய்வதுபோல் வரும் நரம்பு வலிக்கு மார்ஃபின் மட்டும் போதாமல் போகலாம். கபாபென்டின் போன்ற நரம்பு வலி மருந்துகளைச் சேர்ப்பார்கள். ‘அடிமையாகிவிடுவார்’ என்று வீட்டார் மாத்திரையை ஒளித்துவைப்பதுதான் எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது.

மூச்சுத்திணறலுக்கு நிமிர்ந்து உட்காரவைத்து, முகத்தில் காற்றுப் படும்படி மின்விசிறி வைத்தாலே ஓரளவு ஆறுதல் கிடைக்கும். குறைந்த அளவு மார்ஃபினும் உதவும். எல்லாத் துன்பமும் முழுதாக அடங்கிவிடும் என்று சொல்ல மாட்டோம். எதற்கும் அடங்காதபோது, கடைசி நாட்களில் மயக்க மருந்தால் தூக்கத்தில் வைக்கும் முறையும் உண்டு. கடும் நோய் என்று தெரிந்ததுமே வலி தணிப்புச் சிகிச்சையைக் கேளுங்கள். நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையோடு சேர்த்தே அதைப் பெறலாம்.

இந்தப் பயத்தால் இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டிருந்தால் மருத்துவரிடம் போங்கள். ‘அதற்கு முன்பே முடித்துக்கொள்ளலாம்’ என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

உடம்பு நன்றாக இருக்கும் இப்போதே ஒரு தாளில் எழுதுங்கள்: உங்களால் பேச முடியாதபோது யார் முடிவெடுப்பது, செயற்கைச் சுவாசம் வேண்டுமா, குழாய்வழி உணவு வேண்டுமா, நின்ற இதயத்தை மீண்டும் இயக்க முயல வேண்டுமா. அது சட்டப்படி செல்லுபடியாக யார் கையெழுத்து தேவை என்று விசாரியுங்கள். நாட்டுக்கு நாடு மாறும். முடிவெடுப்பவரை உட்காரவைத்துக் காரணத்தோடு சொல்லுங்கள். ஒரு பிரதி அவரிடமும் ஒன்று மருத்துவரிடமும் இருக்கட்டும். பூட்டிய அலமாரிக்குள் வைத்த தாள், தேவைப்படும் இரவில் யார் கைக்கும் கிடைக்காது.