விலைப் பட்டியலில் புள்ளிக்கோடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கடையின் இணையப் பக்கத்தில் பொருளின் பெயருக்கும் விலைக்கும் நடுவே வரிசையாகப் புள்ளிகளைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். கணினியில் சரியாகத் தெரிகிறது, கைபேசியில் திறந்தால் புள்ளிகள் அடுத்த வரிக்கு ஓடிவிடுகின்றன. எத்தனை புள்ளி வைத்தால் சரியாக இருக்கும்?

பதில்: எத்தனை வைத்தாலும் சரியாக வராது. அச்சுத் தாளின் அகலம் மாறாது, திரையின் அகலம் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆள் எழுத்தைப் பெரிதாக்கினால்கூட மாறும். அதனால் கையால் அடித்த புள்ளிகளை முதலில் எல்லாம் நீக்கிவிடுங்கள். புள்ளி என்பது கண்ணுக்கு வழிகாட்டும் ஒரு அலங்காரம், அதன் இடம் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்.

ஒவ்வொரு வரியையும் மூன்று துண்டாக நினைத்துக்கொள்ளுங்கள்: பெயர், நடுவில் ஒரு வெற்று ஸ்பான் (உள்ளே எழுத்து இல்லாத எச்டிஎம்எல் குறி), விலை. சிஎஸ்எஸ்ஸில் வரிக்கு டிஸ்பிளே ஃபிளெக்ஸ் கொடுங்கள், துண்டுகள் பக்கம் பக்கமாக நிற்கும், நடுத்துண்டுக்கு ஃபிளெக்ஸ் 1 கொடுங்கள், மிச்சம் இருக்கும் இடம் முழுவதையும் அது எடுத்துக்கொள்ளும். அதற்கு டாட்டட் (புள்ளி) வகையில் ஒரு பார்டர்-பாட்டம் (கீழ் ஓரக்கோடு) போட்டால் புள்ளிக்கோடு வந்துவிடும். அப்புறம் முக்கியமான ஒன்று, வரிக்கு அலைன்-ஐட்டம்ஸ் பேஸ்லைன் (எழுத்துகள் நிற்கும் கோடு) என்று சேர்த்துவிடுங்கள். எழுத்தே இல்லாத துண்டின் கீழ் ஓரத்தைத்தான் பிரவுசர் அதன் பேஸ்லைனாக எடுத்துக்கொள்கிறது, ஆகவே புள்ளிகள் எழுத்துகள் நிற்கும் கோட்டிலேயே வந்து உட்காரும். இதை விட்டுவிட்டுப் புள்ளிகளை ஒன்றிரண்டு பிக்சல் மேலே கீழே தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய பேர், எழுத்தின் அளவு மாறினால் அந்தக் கணக்கு உடனே தப்பிவிடும்.

நடுத்துண்டின் இரு பக்கமும் சிறிது மார்ஜின் (வெளி இடைவெளி) விடுங்கள், புள்ளி எழுத்தோடு ஒட்டினால் முற்றுப்புள்ளி போலத் தெரியும். நடுத்துண்டுக்கு ஒரு குறைந்தபட்ச அகலமும் வையுங்கள். ஒற்றைப் புள்ளி மட்டும் நடுவில் தனியாக மாட்டிக்கொண்டால் அதைப் பார்க்கச் சகிக்காது.

கேள்வி: நீங்கள் சொல்லும் ஃபிளெக்ஸ் முறையில்தான் செய்திருக்கிறேன். ஆனால் மேல் வரிப் புள்ளிகளும் கீழ் வரிப் புள்ளிகளும் நேராக இல்லை. ஒரு பிரவுசரில் நெருக்கமாகவும் இன்னொன்றில் தள்ளியும் வருகின்றன.

பதில்: டாட்டட் பார்டரில் புள்ளியின் பருமனையும் நிறத்தையும் மட்டும்தான் நாம் சொல்ல முடியும். புள்ளிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதை சிஎஸ்எஸ் தரநிர்ணயமே பிரவுசரிடம் விட்டுவிட்டது. அதுவும் நமக்கு வேண்டுமென்றால் பார்டரை எடுத்துவிட்டு, ரேடியல்-கிரேடியன்ட் என்ற வட்ட நிறக்கலவையால் ஒரு சிறு வட்டம் வரைந்து அதைப் பின்னணிப் படமாகக் கிடைவாக்கில் மட்டும் திரும்பத் திரும்ப வரச் செய்யுங்கள். பேக்கிரவுண்ட்-சைஸ் 6 பிக்சல் அகலம் என்றால் 6 பிக்சலுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். அளவை எழுத்தின் அளவை வைத்துக் கணக்கிடும் ஈஎம் அலகில் கொடுத்தால் எழுத்தோடு சேர்ந்து புள்ளியும் வளரும், எனக்கு அதுதான் பிடிக்கும். இந்த நடுத்துண்டில் பார்டர் இல்லை என்பதால் அதற்கு ஒரு உயரம் கொடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எதுவுமே தெரியாது.

சரி, வரிக்கு வரி நேராக நிற்பதற்கு வருவோம். பெயர்களின் நீளம் மாறுவதால் இடப்பக்கம் ஒவ்வொரு கோடும் வேறு வேறு இடத்தில்தான் தொடங்கும், அதை மாற்ற முடியாது. வலப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம். விலைத் துண்டுக்கு எல்லா வரியிலும் ஒரே அகலம் கொடுத்து, எண்களை வலப்பக்கம் ஒதுக்கி, புள்ளிப் பின்னணியின் தொடக்கத்தையும் வலது ஓரத்தில் வைத்துவிட்டால் எல்லாப் புள்ளிகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கும். இலக்கங்களுக்கு டேபுலர்-நம்ஸ் போடுங்கள், எழுத்துருவில் அந்த வசதி இருந்தால் 1-ம் 8-ம் ஒரே அகலத்துக்கு வந்துவிடும். இவ்வளவு தேவையா என்று கேட்கலாம். பத்து வரிக்கு மேல் உள்ள பட்டியலில் தேவைதான், புள்ளிகள் கலைந்து கிடந்தால் கண் விலையைப் பார்க்காமல் புள்ளிகளைத்தான் பார்க்கும்.

கேள்வி: பெயர் நீளமாக இருந்து இரண்டு வரியாக மடங்கும்போது புள்ளிக்கோடு முதல் வரிக்கு எதிரே வருகிறது. பெயரின் கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கவைக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் தனி நடுத்துண்டு வைத்து முடியாது. மடங்கிய பெயர் ஒரு முழுப் பெட்டியாக நின்றுவிடும், கடைசிச் சொல்லுக்குப் பின்னால் உள்ள காலி இடமும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். எனவே பெயர்த் துண்டுக்கே ஃபிளெக்ஸ் 1, பொசிஷன் ரெலட்டிவ், ஓவர்ஃப்ளோ ஹிடன் கொடுத்து, அதன் ஆஃப்டர் போலி உறுப்பில் (துண்டின் முடிவில் சிஎஸ்எஸ் சேர்க்கும் பகுதி) புள்ளிகளை வையுங்கள். அந்த ஆஃப்டருக்குப் பொசிஷன் அப்சல்யூட், அகலம் 100 சதவீதம். லெஃப்ட், டாப் எதுவும் கொடுக்காதீர்கள். கொடுக்காவிட்டால் அது இயல்பாக எங்கே வந்திருக்குமோ அங்கேயே, அதாவது கடைசிச் சொல்லுக்கு அடுத்தாற்போல நிற்கும், எல்லையைத் தாண்டுவது வெட்டுப்பட்டுவிடும். விலை கடைசி வரிக்கு நேராக வர அலைன்-ஐட்டம்ஸை எண்ட் என்று மாற்றுங்கள். ஓவர்ஃப்ளோ ஹிடன் எழுத்தின் அடிப்பகுதியையும் சேர்த்து வெட்டினால் கீழே கொஞ்சம் பேடிங் (உள் இடைவெளி) விடுங்கள். இந்த முறையில் வரிக்கு வரி புள்ளிகளை நேராக நிறுத்துவது கடினம், இரண்டில் உங்கள் பட்டியலுக்கு எது முக்கியமோ அதைத் தேர்ந்தெடுங்கள். நீளப் பெயர்கள் பாதிக்கு மேல் இருந்தால் நான் மடிப்பைத்தான் கவனிப்பேன்.

கேள்வி: பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் இந்தப் புள்ளிகளைப் படிக்குமா?

பதில்: பார்டராகவோ பின்னணிப் படமாகவோ இருந்தால் படிக்காது. ஆஃப்டரில் காட்டும் எழுத்தைச் சொல்லும் கன்டென்ட் பண்பில் புள்ளிகளை எழுத்தாக வைத்தால் படிக்க வாய்ப்புண்டு, விலையைத் தெரிந்துகொள்ள வந்தவரை வரிசையாகப் புள்ளி புள்ளி என்று கேட்கவைப்பது பெரிய தொல்லை. கன்டென்டில் புள்ளிகளுக்குப் பின் ஒரு சாய்கோடும் வெற்று மேற்கோள்குறியும் போட்டால் புதிய பிரவுசர்களில் அது வாசிக்கப்படாது. ஆனாலும் முடிந்தவரை புள்ளிகளை வரைந்தே விடுங்கள் என்பதுதான் என் கருத்து.

கேள்வி: அச்சிட்டால் புள்ளிகளே காணோம்!

பதில்: கிரேடியன்டில் வரைந்திருப்பீர்கள். அச்சிடும்போது பிரவுசர்கள் பின்னணியை இயல்பாக விட்டுவிடும். பிரின்ட்-கலர்-அட்ஜஸ்ட் எக்ஸாக்ட் என்று கேட்டுப் பார்க்கலாம். அதைவிட உறுதியான வழி, அச்சுக்கான மீடியா விதியில் மட்டும் பழைய டாட்டட் பார்டருக்குத் திரும்பிவிடுவது. புள்ளிக்கோட்டுக்கென்றே சிஎஸ்எஸ் வரைவு ஒன்றில் லீடர் என்ற செயற்கூறு இருக்கிறது, பிடிஎஃப் உருவாக்கும் பிரின்ஸ் போன்ற மென்பொருள்களில் அது வேலை செய்கிறது. பிரவுசர்களில் செய்வதில்லை, வந்தால் மேலே சொன்னவற்றில் பாதி தேவைப்படாது. அப்புறம், அச்சிலும் சரி திரையிலும் சரி, பட்டியலின் அகலத்தைக் குறைத்து விலையைப் பெயருக்குப் பக்கத்தில் கொண்டுவர முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் புள்ளிக்கோடே வேண்டாம்.