ஃப்ளஷ் டேங்கிலிருந்து தண்ணீர் ஓயாமல் வடிவது ஏன்? எப்படிச் சரிசெய்வது?

டேங்கின் மூடியைத் திறந்து, உள்ளே நிற்கும், மிகுதி நீர் வழிந்தோடுவதற்கான குழாயின் விளிம்பைத் தண்ணீர் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். தொட்டால் மிதவையைத் தாழ்த்தி, நீர்மட்டம் விளிம்புக்குச் சுமார் 2 செ.மீ. கீழே நிற்குமாறு அமைக்க வேண்டும். அப்போதும் நீர் ஏறினால் டேங்குக்குள் நீரை விடும் மிதவை வால்வின் வாஷர் தேய்ந்திருக்கும்.

மட்டம் சரியாக இருந்தும் வடிந்தால், உணவு நிறமியைச் சில சொட்டுகள் டேங்கில் விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருங்கள். கழிப்பறைக் கோப்பையில் நிறம் தெரிந்தால், டேங்கின் அடியிலுள்ள ரப்பர் வளையம் சரியாக அமரவில்லை என்று பொருள். ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடுகளில் பெரும்பாலும் உப்புப் படிவே இதற்குக் காரணம் என்பதால், டேங்குக்கு நீர் வரும் குழாயிலுள்ள ஆங்கிள் வால்வை மூடி, டேங்கைக் காலி செய்து, வளையத்தையும் அது அமரும் இடத்தையும் வினிகரால் துடைத்துப் பார்த்த பிறகு புதியது வாங்கலாம் (கழிப்பறை ஆசிட் வேண்டாம், உள்ளிருக்கும் பாகங்களைக் கெடுத்துவிடும்). வாங்கச் செல்லும்போது பழைய வளையத்தைக் கையோடு கொண்டுபோங்கள்; அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.