சேஸிஸ் எண் இல்லாத ராணுவ ஹார்லியை விற்கலாமா?

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க் கால ராணுவ மோட்டார் சைக்கிளான ஹார்லி டேவிட்சன் டபிள்யூ.எல்.ஏ. ஒன்றைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். சேஸிஸில் எண் இல்லை, அதனால் பாதி விலைதான் போகும், நானே எண் பொறித்து விற்றுத் தருகிறேன் என்கிறார் ஒரு புரோக்கர். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உங்கள் வண்டியில் ஒரு குறையும் இல்லை. 1970-க்கு முந்தைய ஹார்லிகளின் சேஸிஸில் தொழிற்சாலையே அடையாள எண் போட்டதில்லை. எஞ்சினின் இடது பக்கம் பொறித்திருக்கும் எண்தான் வண்டிக்கு அடையாளம். இப்போது சேஸிஸில் புதிதாக ஒன்றைப் பொறித்தால், நல்ல வண்டியைத் திருட்டு வண்டி போல ஆக்கிவிடுவீர்கள். விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்ததுமே விலகிப்போவார்.

ஆனால் பதிவு அலுவலகப் படிவத்தில் சேஸிஸ் எண்ணுக்கென்று ஒரு கட்டம் இருக்கும். காலியாக விட்டால் கணினி ஏற்காது. இப்படியும் வண்டிகள் உண்டு என்று படிவம் தயாரித்தவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்! பழைய பதிவுச் சான்றில் அந்த இடத்தில் எஞ்சின் எண்ணே இருந்தால், அதையே தொடரச் சொல்லிக் கேளுங்கள். இந்த அலைச்சலைக் காட்டித்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு. முந்தைய உரிமையாளர் யாராவது ஏற்கெனவே சேஸிஸில் எண் பொறித்து, அந்த எண்ணிலேயே பதிவும் செய்திருந்தால், அதைத் தேய்த்து அழிக்காதீர்கள். தொழிற்சாலை போட்டதில்லை என்பதற்காக அழித்தால் அதுவும் வில்லங்கம்தான். சான்றில் இருக்கும் எண் வண்டியில் இல்லாமல் போகும், பெயர் மாற்றம் நின்றுவிடும். அப்படியே விட்டுவிட்டு, "இது பின்னால் பொறித்த எண்" என்று வாங்குபவருக்கு எழுத்தில் கொடுங்கள்.

அப்புறம், ஆண்டு. எஞ்சின் எண் 42 என்று தொடங்குகிறது என்பதற்காக 1942 மாடல் என்று விளம்பரம் செய்யாதீர்கள். போர் முடியும்வரை வந்த வண்டிகளுக்கும் அதே 42தான். டேங்க் மேலுள்ள தகவல் தகட்டில் ஆண்டு இருக்கிறதே என்பீர்கள். அந்தத் தகடு வெறுமையாகவே விலைக்குக் கிடைக்கிறது. எந்தத் தேதியையும் அடித்துக்கொள்ளலாம். எஞ்சினின் வெளிக்கூடு இரண்டு பாதிகளாக இருக்கும்; அடிப்பக்கம் இரண்டிலும் ஒரே எண் இருக்கிறதா, அதாவது அவை ஒரே ஜோடிதானா என்று பாருங்கள். இருந்தால் படமெடுத்து விளம்பரத்தில் போடுங்கள். தகட்டைவிட அதற்குத்தான் மதிப்பு. எந்தெந்தப் பாகம் புதிதாகச் செய்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

புரோக்கரிடம் வண்டியை விட்டுவைப்பதும், நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவதும் கூடவே கூடாது. வண்டி இரண்டு கை மாறும், பணம் வராது, பிரச்சினை என்றால் உங்கள் பெயரைத்தான் தேடுவார்கள்.

வாங்க வருபவர் ஓட்டிப் பார்க்கக் கேட்பார். இடது காலில் கிளட்ச், டேங்க் பக்கத்தில் கை கியர். பழகாதவர் முதல் திருப்பத்திலேயே சாய்த்துவிடுவார். நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். அவர் ஓட்டியே ஆக வேண்டுமென்றால், முழுப் பணமும் கைக்கு வந்த பிறகு ஓட்டட்டும்.